சுவருக்கு ரெண்டு சாம்பல் பச்சை பெயிண்டில் எதை அடிப்பது?

ஷேடு கார்டின் தீப்பெட்டி அளவு கட்டத்தை நம்பாதீர்கள். அதில் ரெண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ரெண்டிலும் சாம்பிள் டப்பா வாங்கி, வெள்ளைச் சார்ட் அட்டையில் ரெண்டு கோட் அடியுங்கள். ஓரத்தில் ரெண்டு விரல் வெள்ளை விடணும், இல்லாவிட்டால் பழைய சுவர் நிறம் கண்ணை ஏமாற்றும். காய்ந்தபின் ஜன்னல் எதிரே, மூலையில், தரையோரம் என்று மாற்றி மாற்றி ஒட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ரெட் ஆக்சைடு தரை. அந்தச் சிவப்பு ஏறி, எனக்குப் பிடித்திருந்த பச்சை கீழ்ப்பக்கம் சேற்று நிறமாகிவிட்டது! ராத்திரியும் பாருங்கள்: 6500 கெல்வின் வெள்ளை எல்இடியில் நீலம் தட்டும், 3000 கெல்வின் மஞ்சள் பல்பில் அதே பச்சை பாசி மாதிரி மாறும். இன்னும் குழப்பமா? எல்ஆர்வி எண் கேளுங்கள், அதாவது அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்ற அளவு. வெளிச்சம் குறைந்த அறைக்கு எண் கூடுதலானதை எடுக்கலாம்.