சுவரைப் பார்த்து இருக்கிறது எப்படி

தியானத்துக்கு அமைதியான இடம் தேடுறவைக்கு முதலே சொல்லிப்போடுறன்: தேட வேண்டாம். நான் இருக்கிறது திருகோணமலையில, டச்பே பக்கத்து வீட்டு விறாந்தையில. விடியப்புறம் காகம், நாய், கோயில் லௌட்ஸ்பீக்கர், பிறகு பாண் விக்கிற ஓட்டோ. கச்சான் காத்துக் காலத்தில கொஞ்சம் பிந்தினாலும் வெக்கை பிடிச்சிடும், வெள்ளன இருங்கோ.

சுவரில இருந்து ரெண்டு முழம் தள்ளி, சுவரைப் பார்த்தபடி இருங்கோ. பழைய பெட்சீற்றை இறுக்கி மடிச்சுக் கீழ வையுங்கோ. முழங்கால் ரெண்டும் பாயில முட்ட வேணும். முட்டாட்டில் இன்னொரு மடிப்பு. அதுவும் சரிவராட்டில் கதிரை, சாயாமல். வலது கையில இடது கையை வைச்சு, பெருவிரல் நுனி ரெண்டும் மெல்லமாத் தொடட்டும். கண்ணைப் பாதி திறந்து பார்வையைக் கீழ விடுங்கோ. மூடினா நித்திரை வரும், இல்லாட்டில் படம் ஓடும். நுளம்புத்திரி முதுகுப் பக்கம், தள்ளி.

தொடக்கத்தில வெளிமூச்சை ஒண்டில இருந்து பத்து வரை எண்ணுங்கோ. தவறினா திரும்ப ஒண்டு. பிடிபட்டதும் எண்ணிக்கையை விட்டிடலாம். இந்தச் சுவர் பார்த்து இருக்கிறது சோத்தோ சென் எண்ட பௌத்த தியான வழி. யப்பானில அதைத் தொடக்கின டோகன் எண்ட பிக்கு (1200–1253) சும்மா இருக்கச் சொன்னார். இருக்கிறதும் ஞானமும் அவருக்கு ரெண்டில்லை. எங்கட ஆக்களுக்கு இது புதுசோ? முருகன் அருணகிரியாருக்குச் சொன்னதும் ‘சும்மா இரு’ எண்டுதானே.

இனித்தான் விசயம். பாண் ஓட்டோ பாட்டோட ஒழுங்கைக்குள்ள திரும்புது எண்டு வையுங்கோ. முதல்ல வாறது வெறும் சத்தம். அடுத்த கணம் ‘பாண்’ எண்டு பேர் விழும். அதுக்குப் பின்னால, ‘சில்லறை இருக்கோ, பணிஸ் முடிஞ்சிருக்குமோ’ எண்டு ஒரு ‘நான்’ எழும்பி வரும். அந்த ‘நான்’ வர முதல் கேட்டது ஆர்? பதில் யோசிக்காதேங்கோ. சத்தம் எங்க முடியுது, கேட்கிறவர் எங்க தொடங்கிறார் எண்டு நேர பாருங்கோ. எல்லை ஒண்டும் அம்பிடாது. என்ர அத்துவைதம் இவ்வளவுதான். ‘ஆகா, எல்லாம் ஒண்டு!’ எண்டு நெஞ்சு விரிஞ்சா, அதுவும் இன்னொரு நினைப்பு; ஓட்டோவோட சேர்த்துப் போக விடுங்கோ.

இருபது நிமிசம் காணும். முழங்கால் நொந்தா அசையலாம். வீரத்துக்கு இதில பரிசில்லை. கால் விறைச்சிருந்தா உருவிவிட்டு ஆறுதலா எழும்புங்கோ. பிறகு இடது கையைப் பொத்தி, வலது கையால மூடி நெஞ்சடியில பிடிச்சு, ஒரு மூச்சுக்கு அரை அடி எண்டு நடவுங்கோ. விறாந்தைக்குள்ளயே நடக்கிறது நல்லம். கடற்கரையில இந்த வேகத்தில போனா, தெரிஞ்சவை மறிச்சு, ‘என்ன, உடம்புக்கு ஏலாதோ?’ எண்டு கேட்பினம்.