நிழலில் நிற்கும் டக்ளஸ் ஃபிர் கன்றுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஒரிகான், வாஷிங்டன் மாநிலங்களின் மேற்குப் பகுதிக் காடுகளில், பெரிய மரங்களுக்கு அடியில் டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் கன்று நட்டு வளர்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது பச்சை நிறத்தைப் பார்த்துத்தான். கன்று பட்டுப்போகவில்லை என்பதால் வளர்கிறது என்று ஆகிவிடாது. வெஸ்டர்ன் ஹெம்லாக் என்ற இன்னொரு ஊசியிலை மரம் அடர்ந்த நிழலிலும் பல பத்தாண்டுகள் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். டக்ளஸ் ஃபிர்ருக்கு அந்தப் பொறுமை கிடையாது. திறந்தவெளி வெளிச்சத்தில் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் மெல்ல நலிந்துவிடும். நன்றாக உயர 40 சதவீதமாவது வேண்டும்.

உயரத்தை மட்டும் அளப்பது அடுத்த தவறு. உச்சியைப் பாருங்கள். பிரதான கிளைகள் ஆண்டுக்கு ஒரு சுற்றாக வரும். கடைசிச் சுற்றுக்கு மேலே நீண்டிருக்கும் நுனிதான் அண்மைப் பருவத்தின் வளர்ச்சி. அந்த நுனியைவிடப் பக்கக் கிளைகள் நீண்டு, உச்சி தட்டையாகப் பரந்திருந்தால் கன்று வெளிச்சத்துக்கு ஏங்குகிறது. தண்டின் பருமனையும் பாருங்கள். 3 மீட்டர் உயரத்துக்கு 3 செ.மீ. விட்டம்தான் என்றால், உயரத்தை விட்டத்தால் வகுத்து வரும் விகிதம் 100. ஈரமான பனிப்பொழிவின் எடையில் அது வளைந்துவிடும். 80-க்குள் இருப்பது நல்லது.

வெயில் நாளில் ஓரிடத்தில் நின்று வெளிச்சத்தை அளக்காதீர்கள். இலைகளுக்கிடையே விழும் ஒரு வெயில் திட்டு கணக்கையே மாற்றிவிடும். வானம் சீராக மூடியிருக்கும் நாளில், ஒரே வகைக் கருவிகளால் கன்றின் உச்சிக்கு மேலும் வெட்டவெளியிலும் ஒரே நேரத்தில் அளந்து விகிதம் பாருங்கள்.

கன்று நலிகிறதே என்று மேலே உள்ள மரங்களை ஒரேயடியாக வெட்டித் திறப்பதும் கெடுதல். நிழலில் உருவான ஊசியிலைகள் மெல்லியவை. திடீர் வெயிலில் சிவந்து உதிரும். புது இலைகளும் வேர்களும் வரும்வரை வளர்ச்சி சில ஆண்டுகள் தேங்கும். இரண்டு கட்டமாகத் திறப்பதே பாதுகாப்பு. உயரத்தில் பாதியளவாவது பச்சைக் கிளை உள்ள கன்றுகளைத் தேர்ந்தெடுங்கள். மூன்றில் ஒரு பங்குகூட இல்லாதவை தேறுவது அரிது. ஒருமுறை திறந்துவிட்டால் போதும் என்றும் இருக்கக் கூடாது, பெரிய மரங்களின் கிளைகள் விரிந்து அந்த இடைவெளியை மறுபடியும் அடைத்துவிடும்.

வெளிச்சம் போதுமான அளவு இருந்தும் கன்று நின்றுபோனால் தரையைக் கவனியுங்கள். இந்தப் பகுதியில் கோடையில் மழை மிகக் குறைவு. சலால் புதரின் வேர்ப்பின்னல் இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். சலால், வைன் மேப்பிள் என்ற சிறு மரம் இரண்டுமே வெட்டினால் மறுபடி தழைப்பவை, அதனால் ஒரு தடவை வெட்டிவிட்டுக் கணக்கை முடிக்க முடியாது. ஹெம்லாக் நாற்றுகள் நெருக்கமாக முளைத்திருந்தால் அவற்றை மிக அடியிலுள்ள பச்சைக் கிளைக்கும் கீழே அறுக்க வேண்டும். ஒரு பச்சைக் கிளையை விட்டாலும் அது மேல்நோக்கி நிமிர்ந்து புது உச்சியாகிவிடும்.