தமிழில் பாடும் ராக் குழு கட்டுவது எப்படி: கீசனிலிருந்து காவிரிக் கரைக்கு

ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் கீசன் என்று ஒரு ஊர். கும்பகோணத்தைவிடச் சிறியது. சன்னிகிளேட் என்ற பெயரில் அங்கே ஆங்கிலத்தில் பாடிக்கொண்டிருந்த குழு ஒன்று, பாடகி ஏவா பிரீகல் வந்து சேர்ந்த பிறகு ஜெர்மனுக்கு மாறியது. பெயரையும் யூலி என்று மாற்றிக்கொண்டது. 2004இல் வந்த அவர்களின் 'பெர்ஃபெக்டே வெல்லே' நாடு முழுக்க ஒலித்தது. பாவுட்சன் ஊரின் யாஸ்ட் குழுவும் அதே வழியில் ஆங்கிலத்தை விட்டுத்தான் சில்பர்மோண்ட் ஆனது. தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ கிதாரும் டிரம்ஸுமாக நாலு பேர் கூடினால் முதலில் எடுக்க வேண்டிய முடிவும் இதுதான்: சொந்தப் பாட்டு, சொந்த மொழியில்.

தமிழை ராக் தாளத்தில் உட்கார வைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் சொல்லின் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்த்து மெட்டமைப்பார்கள். தமிழுக்குக் குறிலும் நெடிலும்தான் உயிர். மெட்டு இழுக்கிற இடத்தில் குறில் மாட்டினால் 'மலை' மாலையாகிவிடும், 'படம்' பாடமாகிவிடும். அந்த இடத்தில் நெடிலை வையுங்கள், அல்லது 'கண்', 'மண்' மாதிரி மெல்லின ஒற்றில் முடிகிற சொல்லை வைத்து ஒற்றில் நில்லுங்கள். குற்றியலுகரம் இன்னொரு பள்ளம். பல்லவியை 'வந்தது' என்று முடித்து நாலு தட்டு இழுத்தால் 'வந்ததூ' என்றுதான் காதில் விழும். அதையே 'வந்துச்சே' என்று ஏகாரத்தில் முடித்துப் பாருங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும்.

வரி எழுதியதும் உடனே மெட்டுக்குப் போக வேண்டாம். கையில் ஆதி தாளம் போட்டு, பேசுகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். அதன் 8 எண்ணிக்கை, டிரம்ஸ்காரர் எண்ணுகிற நாலு நாலான இரண்டு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) சமம். ஸ்னேர் டிரம்மின் அடி விழுவது ஒவ்வொரு பாரிலும் 2இலும் 4இலும். அங்கே வேற்றுமை உருபு வந்து விழுந்தால், 'வீட்டுக்கு' என்பதில் 'க்கு' மட்டும் தனியாக உறைக்கும். அப்போது சொற்களின் வரிசையை மாற்றுங்கள்; தமிழில் வரிசை மாறினாலும் பொருள் பெரும்பாலும் கெடாது. ஜெர்மன் பாடலாசிரியருக்கு அந்த வசதி இவ்வளவு கிடையாது.

நாதஸ்வரம் சேர்க்கும் ஆசை டெல்டாவில் எந்தக் குழுவுக்கும் வரும், வரவும் வேண்டும். நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த வாத்தியத்தின் சுருதியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. குழுதான் அதற்கு வளைந்து வர வேண்டும். வாசிப்பவரிடம் சுருதி எத்தனை கட்டை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 2 கட்டை என்றால் கிதாரில் டி. இரண்டரை என்றால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு அதே டி கார்டுகளைப் பிடிக்கலாம். அந்தச் சுருதியில் பாடகரின் குரல் எட்டவில்லை என்றால் பாட்டைப் பாடகரின் சுருதியிலேயே வையுங்கள். நாதஸ்வரத்தை இடையிசைக்கு மட்டும் வைத்துக்கொண்டு அங்கே சுருதி மாறுங்கள்.

பயிற்சி அறை பெரும்பாலும் கான்கிரீட் தளமும் டைல்ஸ் தரையுமாகத்தான் கிடைக்கும். எதிரொலியில் பாடகர் குரல் கேட்காது, உடனே எல்லோரும் சத்தத்தைக் கூட்டுவார்கள். கூட்டாதீர்கள், கிதாரைக் குறையுங்கள். பேஸ் ஆம்ப்பை மூலையில் வைத்தால் குமுறும். சுவரிலிருந்து 2 அடியாவது தள்ளி வையுங்கள். மூலைகளில் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாய்த்து நிறுத்தினால் நல்ல பலன் தெரியும். முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை, பக்கத்து வீட்டுக்குப் போகிற சத்தத்தை அது தடுக்காது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கிதார் கம்பியைச் சீக்கிரம் துருவேற்றும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் உலர்ந்த பருத்தித் துணியால் அடிப்பக்கம் சேர்த்துத் துடைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்; உள்ளே ஒரு பை சிலிக்கா ஜெல் கிடக்கட்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிதாரை விடவே கூடாது. சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும்.

மேடைக்கு வந்தால் மின்சாரம் முதல் கவலை. திருவிழாப் பந்தலில் சீரியல் லைட்டும் சவுண்டும் ஒரே லைனில் இருந்தால் ஸ்பீக்கரில் 'ர்ர்ர்' என்று இரைச்சல் வரும். ஜெனரேட்டர்காரரிடம் சவுண்டுக்குத் தனி ஃபேஸ் கேளுங்கள். ஆம்ப், மிக்ஸர் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள்; எர்த் வெவ்வேறாக இருந்தாலும் இரைச்சல் வரும். அதை நிறுத்த எர்த் பின்னைப் பிடுங்குகிற பழக்கம் உயிரைக் குடிக்கக்கூடியது. பாடுபவரின் விரல் கிதார் கம்பியில் இருக்கும், உதடு மைக்கின் கம்பிவலையில் படும். இரண்டுக்கும் நடுவே 230 வோல்ட் இருந்தால் அது அவர் உடம்பு வழியாகத்தான் பாயும். யாரும் தொடுவதற்கு முன்னால் மைக்கின் வலையிலும் கிதார் கம்பியிலும் டெஸ்டர் வையுங்கள். மினுங்கினாலும் மேடை ஏறாதீர்கள். இரைச்சலுக்கு மருந்து, கிரவுண்ட் லிஃப்ட் உள்ள டிஐ பாக்ஸ்: வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும் சிறு பெட்டி; அது சவுண்ட் வயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கும், கரண்ட் எர்த்தை அல்ல.

தை முதல் வைகாசி வரை திருவிழாக் காலம், ஐப்பசி கார்த்திகையில் மழை. மழைக்காலத்தைப் பாட்டு எழுத ஒதுக்குங்கள். கூட்டம் சினிமாப் பாட்டு கேட்கும், அதில் தவறில்லை. 10 பாட்டில் 3 சொந்தப் பாட்டு போதும். அவற்றைக் கடைசிக்குத் தள்ளாமல், கூட்டத்துக்குத் தெரிந்த இரண்டு பாட்டுகளுக்கு நடுவே வையுங்கள்.

ஒரே பாட்டை நம்பி இருக்கவும் கூடாது. 'பெர்ஃபெக்டே வெல்லே' என்றால் 'கச்சிதமான அலை'. 2004 டிசம்பர் 26 சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அந்த நேரத்தில் அலையைக் கொண்டாடும் பாட்டு பொருந்தாது என்று ஜெர்மன் வானொலிகள் அதை நிறுத்தின. நிறுத்தியது சரிதான். யூலியிடம் 'கைலே ட்சைட்' தயாராக இருந்தது. 2005 பிப்ரவரியில் மாநிலங்களுக்கு இடையிலான பாட்டுப் போட்டியில் ஹெஸ்ஸன் சார்பில் அதைப் பாடி வென்றார்கள். பிறகும் அவசரப்படவில்லை. அடுத்த ஆல்பங்கள் 2006, 2010, 2014, 2023 என்று நிதானமாகவே வந்தன.

பாட்டு முடிந்த அன்றே யார் வரி, யார் மெட்டு, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு எல்லோரும் கையெழுத்திடுங்கள். 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்கிறது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் பெயரைப் பதியும்போது அந்தத் தாள்தான் கை கொடுக்கும். மொபைலில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.