பாயிண்ட் மோட்டார் காயில் ஏன் கருகுகிறது? மாடல் ரயில் வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காயில் கருகும் வாசம் ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறக்காது. வார்னிஷும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரியும் வாசம் அது. மாடல் ரயிலில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்தான் பாயிண்ட். அதைத் திருப்பும் என் முதல் சாலினாய்டு மோட்டார் (காயிலின் காந்த விசையில் இயங்குவது) அப்படித்தான் போனது. லைட் போடுகிற சாதாரண டாகிள் சுவிட்சை அதற்கு வைத்திருந்தேன். பாயிண்ட் ‘டக்’கென்று மாறியது, சுவிட்ச் ஆனிலேயே நின்றது.

பெக்கோ பிஎல்-10 போன்ற மோட்டாரில் இரண்டு காயில்கள், நடுவில் ஓர் இரும்புத் தண்டு. எந்தக் காயிலுக்குக் கரன்ட் போகிறதோ அந்தப் பக்கம் தண்டு பாயும். ஒரு காயிலின் ரெசிஸ்டன்ஸ் 4, 5 ஓம்தான். 16 வோல்ட் டி.சி. கொடுத்தால் 3 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதாவது 50 வாட்! நாம் பற்றவைக்கும் சின்ன சாலிடரிங் அயர்னே 25 வாட்தான். கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும் கரன்ட் வாங்குவதற்காகச் செய்த காயில் இது. அதனால் கையை எடுத்ததும் நடுவுக்குத் திரும்பிவிடும் ஸ்பிரிங் டாகிள் அல்லது புஷ் பட்டன்தான் போட வேண்டும்.

சரி, பட்டன் போட்டாயிற்று. அடுத்த தவறு, வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரை மாட்டுவது. தண்டு பாதி தூரம் போய் நிற்கும், பிளேடு, அதாவது பாயிண்ட்டில் நகரும் தண்டவாள முனை, எந்தத் தண்டவாளத்தையும் தொடாமல் நடுவில் தொங்கும். உடனே பட்டனை இன்னும் அழுத்திப் பிடிப்போம், காயில் சுடும். இதற்கு ஒரே நல்ல வழி கப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட், சுருக்கமாக சி.டி.யு. 4700 மைக்ரோஃபாரட் அளவுள்ள கப்பாசிட்டரில் 24 வோல்ட் வரை சார்ஜைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பட்டன் தொட்டதும் மொத்தத்தையும் ஒரே வீச்சில் கொட்டும். குழாயில் சொட்டுச் சொட்டாகப் பிடித்த தண்ணீரைக் குடத்தோடு கவிழ்ப்பது மாதிரி. அப்புறம் பட்டன் சிக்கிக்கொண்டாலும் சொட்டுக் கரன்ட்தான் போகும், காயில் பிழைக்கும். திடீரென்று எந்தப் பாயிண்ட்டும் மாறவில்லையா? எங்கோ ஒரு பட்டன் ஒட்டிக்கொண்டு கப்பாசிட்டரைச் சார்ஜ் ஆகவிடாமல் வைத்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

வயரில் மிச்சம் பிடிப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். 0.2 ஸ்கொயர் எம்.எம். வயர் மீட்டருக்குச் சுமார் 0.09 ஓம். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் பட்டன்கள் இருக்கும் பேனலிலிருந்து பாயிண்ட் 4 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 8 மீட்டர், 0.7 ஓம். இரண்டு பாதைகளை இணைக்கும் கிராஸ்ஓவரில் இரண்டு மோட்டாரை ஒரே பட்டனில் சேர்த்தால் காயில்கள் இரண்டும் சேர்ந்தே 2 ஓம் சொச்சம்தான். கால்வாசி வோல்டேஜை வயரே தின்றுவிடும். இழுக்கும் விசை பாதிக்குப் பக்கமாக இறங்கும். குறை மோட்டாரில் இல்லை. 0.5 ஸ்கொயர் எம்.எம். போடுங்கள், எல்லா மோட்டாருக்கும் பொதுவான ரிட்டர்ன் வயரை 1 ஸ்கொயர் எம்.எம். ஆக்குங்கள்.

‘டார்ட்டாய்ஸ்’ என்ற பெயரில் வரும் மோட்டார் போல மெதுவாக நகரும் வகைக்கு இதெல்லாம் தலைகீழ். 12 வோல்ட் டி.சி.யில், நின்ற நிலையிலும் சுமார் 16 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டு, பிளேடை எப்போதும் அழுத்திப் பிடித்திருப்பதே அதன் வேலை. அதற்கு சி.டி.யு. மாட்டவே கூடாது, போலாரிட்டியை, அதாவது பிளஸ் மைனஸை, மாற்றும் டிபிடிடி (இரண்டு வயர்களையும் ஒரே சமயத்தில் மாற்றும்) டாகிள் போதும். பெக்கோ பாயிண்ட் என்றால் அதனுள் இருக்கும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட வேண்டும்.

ஃப்ராக் என்பது பாயிண்ட்டில் இரண்டு தண்டவாளங்கள் குறுக்கே சந்திக்கும் V வடிவத் துண்டு. உலோக ஃப்ராக் உள்ள பாயிண்ட்டில், மாறும் திசைக்கேற்ப ஃப்ராக்கின் போலாரிட்டியும் மாற வேண்டும். டார்ட்டாய்ஸில் அதற்கான கான்டாக்ட் உள்ளேயே இருக்கிறது. பிஎல்-10க்குத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். டி.சி.சி. (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) வைத்திருப்பவர்கள், அந்தக் கட்டளையைப் படித்துப் பாயிண்ட்டை மாற்றும் டிகோடருக்குத் தண்டவாளத்திலிருந்தே கரன்ட் எடுத்தால் ஒரு சிக்கல் உண்டு. தப்பான பக்கம் திரும்பிய பாயிண்ட்டில் இன்ஜின் ஏறினால் ஷார்ட் ஆகி, தண்டவாளத்துக்குக் கரன்ட் கொடுக்கும் பூஸ்டர் டிரிப் ஆகும். அந்தப் பாயிண்ட்டை மாற்றிவிடலாம் என்றால் அதற்கும் கரன்ட் இருக்காது, இன்ஜினைக் கையால் தூக்க வேண்டியதுதான். பாயிண்ட்டுகளுக்குத் தனி சப்ளை வையுங்கள்.

ஜல்லி ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு காயிலையும் மீட்டரில் அளந்து, அந்த ஓம் அளவைப் பலகையின் அடியில், மோட்டாருக்குப் பக்கத்திலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்து அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்க்கும்போது கை தேடும் எண் அதுதான்.