புதுக் காய் என்றாலே வாயை இறுக்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு

ஒரு வயதில் கொடுத்ததையெல்லாம் தின்ற பிள்ளை இரண்டு வயதில் தட்டைத் தள்ளுகிறதா? பயப்படாதீர்கள். முதல் வருடத்துக்கு அப்புறம் வளர்ச்சி வேகம் தணிகிறது, பசியும் குறைகிறது. புது உணவைக் கண்டு மிரள்வதும் 2 முதல் 6 வயதுக்குள்தான் அதிகம். எங்கள் வீட்டில் பீட்ரூட்டைப் பழக்கிய விதம் இது.

படி 1: சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் தண்ணீர் மட்டும். பாலும் நாளுக்கு அரை லிட்டருக்குள் இருக்கட்டும், இல்லையென்றால் வயிறு அதிலேயே நிரம்பிவிடும், இரும்புச்சத்தும் குறையும்.

படி 2: தட்டில் பிள்ளைக்குப் பழகிய ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், எங்களுக்குத் தயிர்சாதம். அதன் பக்கத்தில், ஒட்டாமல், கட்டைவிரல் நக அளவு பீட்ரூட் பொரியல். சாதத்துக்குள் ஒளித்துப் பிசையாதீர்கள், கண்டுபிடித்துவிட்டால் நாளைக்குத் தயிர்சாதத்தையும் சந்தேகப்படும். தட்டு என்றால் என் ஓட்டு குழி வைத்த எவர்சில்வர் தட்டுக்குத்தான். மேசையில் ஒட்டிக்கொள்ளும் சிலிகான் தட்டில் சாம்பார் வாசனை போகவே போகாது, அதைப் பிடுங்குவதே பிள்ளைக்கு விளையாட்டாகிவிடும்.

படி 3: பேசாமல் இருங்கள். நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு, எவ்வளவு, தின்பதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு என்று அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் பிரித்துச் சொன்னார். கேட்க எளிது, எதிரே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். விரலால் நசுக்கும், சிவந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், நக்கும், முகம் சுளித்துத் துப்பும். துப்பினால் துப்பட்டும், வாய்க்குள் போனதே முன்னேற்றம். "ஒரே ஒரு வாய் தங்கம்" கிடையாது, "சமத்து!" என்று கைதட்டுவதும் கிடையாது, அதுவும் ஒருவகை வற்புறுத்தல்தான். "இதைத் தின்னா சாக்லேட்" என்றால் சாக்லேட்டின் மதிப்புதான் ஏறும். மொபைலும் வேண்டாம். பாட்டியால் சும்மா இருக்க முடியாது, அதனால் அத்தைக்கு (என் மாமியார்) ஒரு வேலை கொடுத்தேன்: அதே பொரியலைத் தன் தட்டில் போட்டு ரசித்துச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

படி 4: ஓரிரு நாள் விட்டு மறுபடி வையுங்கள். பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம்.

பின்சேர்க்கை: "சாப்பிடாமல் எழுந்துபோய் அரை மணியில் பிஸ்கட் கேட்கிறானே?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். "நாலு மணிக்குச் சாப்பிடலாம்" என்று கோபமில்லாமல் சொல்லி, நாலு மணிக்கு மறக்காமல் கொடுங்கள். டப்பாவை உயரத்தில் வைத்துவிடுங்கள், தாத்தாவிடமும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று: எடை இறங்கினால், கட்டியான உணவுக்கெல்லாம் குமட்டினால், தின்னும் பண்டங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் இந்த முறையோடு நிற்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். 5 வயதுக்குள் முழு வேர்க்கடலை எந்தத் தட்டிலும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.