இரண்டு வீட்டுப் பிள்ளைகளோடு 'மழலைப் பட்டாளம்' பார்ப்பது எப்படி

மறுமணம் செய்துகொண்டு, ஆளுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளோடு ஒரே வீட்டில் குடித்தனம் தொடங்கியிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீடு மயிலாடுதுறைப் பக்கம். எனக்கு இரண்டு, அவருக்கு மூன்று. முதல் கோடை விடுமுறை முழுக்க எங்கள் கூடத்தின் நடுவே வரப்பு வெட்டிவிட்ட மாதிரிதான் இருந்தது, இவர்கள் இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம். அப்போது கைகொடுத்த படம் 1980-இல் வந்த 'மழலைப் பட்டாளம்'. நடிகை லட்சுமி இயக்கியது, விஷ்ணுவர்தனும் சுமித்ராவும் நடித்தது. மனைவியை இழந்த ஒருவரும் கணவனை இழந்த ஒருத்தியும் சேர்கிறார்கள், இரண்டு பக்கமும் பிள்ளைகள் கூட்டம், அந்தக் கூட்டம் முட்டிக்கொள்வதுதான் கதை.

படம் போடுவதற்கு முன்னால் "நம்மள மாதிரியே ஒரு குடும்பம், பாருங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் பெரிய பிள்ளைகள் அந்த நிமிடமே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பழைய படம், சிரிப்பாக இருக்கும், அவ்வளவு போதும். யார் யார் பக்கத்தில் உட்காருவது என்பதிலும் தலையிட வேண்டாம். கூடப் பிறந்ததோடு ஒட்டிக்கொண்டுதான் உட்காருவார்கள், உட்காரட்டும்.

தின்பண்டத்தில் ரொம்பக் கவனமாக இருங்கள். ஒரே தாம்பாளத்தில் கொட்டி வைத்தால் ஒற்றுமை வரும் என்று நினைத்து நான் முறுக்கைக் கொட்டி வைத்தேன். என் சின்னவன் டிவியைப் பார்க்கவே இல்லை, எதிர்ப்பக்கம் எத்தனை போகிறது என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். மறுநாள் ஐந்து கிண்ணம், ஆளுக்கு நாலு முறுக்கு, ஒரு பிடி பொரிகடலை. அப்புறம்தான் அவன் கண் படத்துக்குப் போனது.

ஒரே மூச்சில் பார்க்காதீர்கள், பழைய படத்தின் வேகம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுக்காது. இடைவேளை வரை ஒரு நாள், மிச்சம் மறுநாள் என்று வைத்துக்கொண்டால், நடுவில் இருக்கிற அந்த ராத்திரியில்தான் பேச்சு வரும். நீங்களாகக் கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் அவருடைய மூத்த பெண், நான் மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்று, படத்தில் வருகிற பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஆரம்பித்து, "அங்க இருந்த வரைக்கும் நான்தான் பெரியவ, இங்க வந்ததும் எல்லாரும் அவனை அண்ணன்னு கூப்பிடச் சொல்றாங்க" என்றாள். என் பையன் அவளைவிட நாலு மாதம்தான் மூத்தவன். ஆறு மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது அதுதான், எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கே அண்ணன், தங்கை என்று முறை வைத்துக் கூப்பிடச் சொல்வதை நிறுத்தினோம். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளட்டும். என்னையும் சித்தி என்றோ அம்மா என்றோ கூப்பிடு என்று யாரையும் கேட்கவில்லை. மூன்று பேரும் இப்போது மூன்று விதமாகக் கூப்பிடுகிறார்கள், மூன்றுமே எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று. படம் பார்க்கிற கூடத்தில் அவர்களைப் பெற்றவர்களின் படம் மாலையோடு தொங்கினால், சங்கடமாக இருக்கிறதே என்று கழற்றி வைக்காதீர்கள். எங்கள் சுவரில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, இரண்டுக்கும் பூ வைப்பது பிள்ளைகள்தான். இன்ஷியலிலும் கை வைக்க வேண்டாம், அந்த ஒரு எழுத்து அவர்கள் அப்பாவுடையது. உறவுக்காரர்கள் யாராவது கூடவே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு "இது மூத்த தாரத்துப் பிள்ளையா?" என்று பிள்ளைகள் காதுபடக் கேட்டால், பெரியவர்கள் ஆயிற்றே என்று பார்க்காமல் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

பாட்டுகளைத் தள்ளிவிட வேண்டாம், எம்.எஸ்.விஸ்வநாதன் இசை. வீட்டில் பாட்டு கற்றுக்கொள்கிற பிள்ளை இருந்தால் 'கௌரி மனோகரியைக் கண்டேன்' வரும்போது அது என்ன ராகம் என்று கேளுங்கள், பாட்டிலேயே பதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அவருடைய இரண்டாவது பெண் சொன்னாள், என் சின்னவன் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தான்.

படம் முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்களுக்கு ஆடிப்பெருக்கு வரைக்கும் ஆயிற்று. அன்றைக்குப் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போகிற சின்னத் தேரான சப்பரம் மட்டும் ஆளுக்கு ஒன்று என்று ஐந்து வாங்கினோம், ஒன்றை வாங்கிச் சேர்ந்து இழுங்கள் என்று சொல்லவில்லை. காவிரிப் படித்துறையில் காப்பரிசி கொடுத்து, மஞ்சள் நூல் கட்டி முடித்துத் திரும்பும்போது என் சின்னவன் சப்பரத்தில் சக்கரம் கழன்றுவிட்டது. மூத்த பெண் தன்னுடையதை அவன் கையில் கொடுத்துவிட்டு, உடைந்ததைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.