'நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா': பெற்றோருக்குச் சேதி சொல்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி திறந்ததும் எங்கள் ஒன்றியத்தின் நடுநிலைப் பள்ளிகளுக்குப் புது ஆசிரியர்கள் சிலர் வந்திருக்கிறார்கள். நன்றாகப் படித்தவர்கள், பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்கள். ஆனால் வீட்டுக்கு ஒரு விஷயம் சொல்லியனுப்ப வேண்டும் என்று வந்துவிட்டால், நாங்களெல்லாம் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்தை ஒன்று விடாமல் அடிக்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

சுற்றறிக்கையில் தேதியைத் தப்பாகப் போடுவது, ஒரு பிள்ளையின் ரேங்க் கார்டை இன்னொரு பிள்ளையிடம் கொடுத்துவிடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை திட்டு வாங்கினால் தானாகச் சரியாகிவிடும்.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள். இது தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு, மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி என்று எந்த ஊரை எடுத்தாலும் விடிகாலையில் ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என மூன்று பக்கமும் மலையேறி வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலைப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும். அதில் போகிறவர்களில் பாதிக்கு மேல் நம் பிள்ளைகளின் அம்மாக்கள். ஆறு, ஆறரைக்கு ஏறினால் திரும்பி இறங்கும்போது பொழுது சாய்ந்துவிடும். நம் பள்ளியில் முதல் மணி அடிப்பதிலிருந்து கடைசி மணி அடிக்கும் வரை அவர்கள் வேறொரு மாநிலத்தில் இருக்கிறார்கள். இதை மனதில் வைக்காமல் போடும் எந்தத் திட்டமும் இங்கே செல்லாது.

'நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா'

இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. வீட்டுப்பாடம் எழுதவில்லையா, அம்மாவைக் கூட்டிட்டு வா. முடி வெட்டவில்லையா, அம்மாவைக் கூட்டிட்டு வா. பக்கத்துப் பையனின் பேனாவை எடுத்துவிட்டானா, அதற்கும் அம்மா. சொல்பவருக்கு அரை நிமிட வேலை, அவ்வளவுதான். கேட்கும் வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

அம்மா பள்ளிக்கு வர வேண்டுமென்றால் அன்றைக்கு ஜீப் ஏற முடியாது. அரை நாள் போய்விட்டு வரலாம் என்பதற்கும் வழியில்லை, மலைக்கு ஜீப் காலையில் ஒரு தடவைதான். ஆக, முழு நாள் கூலி போச்சு. ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் சொல்லாமல் நின்றால் கங்காணி முகம் சுளிப்பார்; மறுநாள் ஜீப்பில் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கவும் கூடும்.

ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன். 'அம்மா வந்தால்தான் வகுப்புக்குள் விடுவேன்' என்று சொல்லியனுப்பினார்கள். அந்தம்மா மறுநாள் காலை ஒன்பது மணிக்கே வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். நல்ல சேலை கட்டி, தலை சீவி, ஏதோ பெரிய சமாச்சாரம் என்று பதறிப்போய் வந்திருந்தார். கையில் ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் அடங்கிய மஞ்சள் பை. எதைக் கேட்பார்களோ என்று அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். தலைமையாசிரியர் வட்டார வள மையத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். வகுப்பாசிரியருக்குத் தொடர்ந்து பாடவேளை. சத்துணவு மணி அடித்த பிறகுதான் ஆசிரியர் வெளியே வந்தார். 'பையன் சமூக அறிவியல் நோட்டே எழுதலைம்மா, கொஞ்சம் பாத்துக்கங்க' என்றார்.

'இதுக்குத்தானா டீச்சர்? சொல்லிவிட்டிருந்தா ராத்திரியே உக்கார வச்சு எழுத வச்சிருப்பேனே' என்று கேட்டுவிட்டு எழுந்து போனார் அந்தம்மா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கதை அதோடு முடியவில்லை. அன்று ராத்திரி பையனுக்கு அடி விழுந்தது, நோட்டுக்காக இல்லை, போன கூலிக்காக. அடுத்த தடவை அம்மாவைக் கூட்டி வரச் சொன்னபோது தெருமுனையில் இட்லி சுடும் பாட்டியைக் கூட்டி வந்து 'எங்க அம்மாச்சி' என்றான். ஆசிரியர்கள் அறையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மூன்றாவது தடவை யாரையும் கூட்டி வரவில்லை, அவனும் வரவில்லை. காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவான்; அம்மா மலையில் இருப்பதால் அவன் எங்கே போகிறான் என்று வீட்டுக்குத் தெரியாது. பள்ளியோ, 'அம்மா வந்தால் பேசிக்கொள்ளலாம்' என்று காத்திருந்தது. இரண்டு பக்கமும் விஷயம் தெரிவதற்குள் பருவத் தேர்வே முடிந்துவிட்டது. ஒரு நோட்டில் ஆரம்பித்தது எங்கே போய் நின்றது பாருங்கள்.

இப்போதும் புதிதாக வந்தவர்கள் 'பெற்றோர் ஒத்துழைப்பே இல்லை சார்' என்று சொல்லும்போது இந்த மஞ்சள் பைதான் என் ஞாபகத்துக்கு வருகிறது. ஒத்துழைப்பை நாம் பகல் பதினோரு மணிக்குக் கேட்டால் எங்கிருந்து வரும்?

சரி, என்ன செய்யலாம்? விஷயத்தையே அனுப்புங்கள், ஆளை அழைக்காதீர்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி போதும்: 'முருகனுக்குச் சமூக அறிவியலில் இரண்டு பாடத்துக்கு நோட்டு இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிட்டால் போதும். நீங்கள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம். எழுதிய பின் கீழே ஒரு கையெழுத்து.' இதில் மூன்றாவது வாக்கியம் முக்கியம். அது இல்லையென்றால் 'டீச்சர் கூப்பிடுறாங்க போல' என்று எண்ணிக்கொண்டு அம்மா லீவு போட்டுவிடுவார்.

நேரில் பேசியே ஆக வேண்டிய விஷயங்களும் உண்டு. பிள்ளை அழுதுகொண்டே இருக்கிறது, கண் சரியாகத் தெரியவில்லை, யாரோ தொந்தரவு செய்கிறார்கள் என்றால் நேரில்தான் பேச வேண்டும். அப்போது நாம் போகலாம். ஜீப் வந்து நிற்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். பக்கத்திலேயே டீக்கடை இருக்கும். இறங்கியதும் களைப்பில் இருப்பார்கள், முகம் கழுவ விட்டுவிட்டு ஐந்து நிமிடம் தனியாகப் பேசினால் போதும். கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் இந்த ஊரில் வேலை பார்ப்பது கஷ்டம்.

கூட்டத்தை நமக்கு வசதியான நேரத்தில் வைப்பது

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் குழுக்களை மறுபடி அமைத்தபோது தலைவர் பொறுப்பும் பெற்றோருக்குத்தான். காகிதத்தில் எல்லாம் அருமை. ஆனால் கூட்டம் வேலை நாளில் பிற்பகலில். யார் வருவார்கள்? மலைக்குப் போகாதவர்கள் வருவார்கள். கடை வைத்திருப்பவர்கள், வீட்டோடு இருப்பவர்கள். மலைக்குப் போகிற அம்மாவின் கையெழுத்தை அவர் மகள் வாங்கி வருவாள்.

கூட்டத் தேதியை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேசியதை அன்று சாயங்காலமே ஒரு நிமிடக் குரல் பதிவாக அனுப்பலாம் அல்லவா? இன்னொரு ரகசியமும் உண்டு. கேரளாவில் ஹர்த்தால் அறிவித்தால் அன்றைக்கு ஜீப் மலையேறாது. நம் பக்கம் பள்ளி வழக்கம்போல நடக்கும். அம்மாக்கள் அத்தனை பேரும் வீட்டில் இருப்பார்கள். முதல் நாள் ராத்திரியே 'நாளைக்கு முடிந்தால் வந்துவிட்டுப் போங்க' என்று சொல்லிப் பாருங்கள், வராந்தா நிறைந்துவிடும். எல்லைப்புற ஆசிரியர் கேரளச் செய்தியும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்குத்தான்.

வாட்ஸ்அப் குழுவில் மதிப்பெண் பட்டியல்

போடாதீர்கள்.

குரல் பதிவில் குறை சொல்வது

குரல் பதிவு நல்ல வழி. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் அதுதான் சரி. ஆனால் அதை அவர்கள் எங்கே கேட்கிறார்கள் தெரியுமா? காலையில் ஜீப்பில். ஹெட்போன் கிடையாது, ஸ்பீக்கரில்தான். தோள் இடிக்க உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் காதிலும் விழும். 'உங்க பொண்ணு கணக்குல ரொம்ப மோசம்மா' என்று நீங்கள் அனுப்பினால் தோட்டம் போய்ச் சேர்வதற்குள் அது ஊர்ச் சேதி. பொதுவான தகவல், நல்ல சேதி இரண்டுக்கும் மட்டும் குரல் பதிவு. குறையைச் சொல்ல, ராத்திரி ஏழரைக்கு மேல் சமையல் முடியும் நேரம் பார்த்துப் போன் போடுங்கள்.

நல்ல சேதி என்று சொன்னேன். அதை அனுப்புகிறவர்கள் குறைவு. பள்ளி நம்பரைப் பார்த்தாலே வயிற்றில் புளி கரைகிற நிலைமையில்தான் பல வீடுகளை வைத்திருக்கிறோம். சில அம்மாக்கள் எடுப்பதே இல்லை. பள்ளியில் அறிவியல் சோதனை செய்துபார்க்கும் வானவில் மன்றத்தில் பிள்ளை ஒரு சோதனையைத் தானே செய்துகாட்டினாள், கலைத் திருவிழாவில் வட்டார அளவுக்குப் போகிறாள் என்று நாலு தடவை நல்லதற்குக் கூப்பிட்டால், ஐந்தாவது தடவை கெட்டதற்குக் கூப்பிடும்போதும் எடுப்பார்கள்.

'பாஸ்' என்று மட்டும் சொல்வது

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. அதனால் 'பாஸ்' என்பதில் ஒரு தகவலும் இல்லை. வகுப்பில் அவ்வப்போது போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்ற கணக்கும் வீட்டில் யாருக்கும் புரிவதில்லை. வளரறியில் தாராளமாகப் போட்டுவிட்டு மொத்தத்தை மட்டும் காட்டினால் பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்றே நினைத்துக்கொள்வார்கள். பிறகு ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய், முதல் தேர்விலேயே அடி வாங்கி நிற்கும்போது 'அங்க நல்லாத்தானே படிச்சான்' என்று நம்மைத்தான் கேட்பார்கள்.

எண்ணைச் சொல்வதைவிடச் செய்வதைச் சொல்லுங்கள். 'தமிழ்ப் பாடத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறான். வகுத்தல் வரவில்லை. ஆங்கிலத்தில் சொந்தமாக ஒரு வரி எழுத வரவில்லை.' இப்படிச் சொன்னால் எந்த அம்மாவுக்கும் புரியும்.

ஒரே ஒரு போன் நம்பர்

மாணவர் விவரங்களைப் பதியும் அரசுத் தளமான எமிஸில் பதிந்திருக்கும் நம்பர் பெரும்பாலும் அப்பாவுடையது. பல வீடுகளில் அது ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போயிருக்கும். பிள்ளை வரவில்லையென்றால் காலை பத்து மணிக்குள் தெரியப்படுத்த வேண்டும். அந்த நேரத்தில் அம்மா தோட்டத்துக்குள் இருப்பார், டவர் கிடைக்காது. ஆகவே பகலில் ஊரில் இருக்கும் ஒருவரின் நம்பர் கட்டாயம் வேண்டும். அம்மாச்சி, பக்கத்து வீட்டு அக்கா, மகளிர் குழுத் தலைவி, யாராக இருந்தாலும் சரி, அம்மாவே சொன்ன ஆளாக இருக்க வேண்டும்.

பெண்பிள்ளை சில நாள் வரவில்லையென்றால்

ஆண் ஆசிரியர் போன் போட்டுக் காரணம் கேட்காதீர்கள். பெண் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

காசும் காலக்கெடுவும் உள்ள சேதியைப் பிள்ளையிடம் வாய்மொழியாகச் சொல்வது

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு ரூ.12,000. குடும்ப வருமானம் ரூ.3,50,000க்குள் இருக்க வேண்டும். தோட்டக் கூலி வாங்கும் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய தொகை! இதை வகுப்பில் ஒரு தடவை சொல்லிவிட்டு 'வீட்ல சொல்லிருங்க' என்றால் பாதி வீட்டுக்குப் போய்ச் சேராது. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம் போக வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், இரண்டுமே பகல் வேலை. விண்ணப்பத் தேதி வந்த பிறகு சொன்னால் அம்மாவுக்கு மறுபடியும் கூலி போகும். ஏழாம் வகுப்பு முடியும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள், அவருக்குத் தோதான ஒரு நாளில் முடித்து வைத்துக்கொள்வார்.

அப்புறம், எல்லையில் இருக்கும் நமக்கென்றே உள்ள ஒரு விஷயம். எடுப்புக் காலத்தில் சில குடும்பங்கள் தினமும் மலையேறி இறங்க முடியாமல் தோட்டத்துக் குடியிருப்பிலேயே தங்கிவிடும். பிள்ளையையும் அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று டி.சி. கேட்டு வருவார்கள். தோட்டங்கள் இருக்கும் இடுக்கி மாவட்டத்திலும் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன, படிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும், கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்ததைப் பார்க்கின்றன. ஏழாம் வகுப்பில் ஒரு வருடம் அங்கே போய்ப் படித்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். எடுப்பு தொடங்கும் முன்பே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பெற்றோர் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். 'பிள்ளையை அம்மாச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா, கூட்டிக்கொண்டு போகலாமா' என்று முடிவெடுக்க வேண்டியது அவர்கள்தான். டி.சி.க்கு மனு எழுதிக்கொண்டு, சாமான் செட்டை ஜீப்பில் ஏற்றிவிட்டு வந்து நிற்கும்போது நாம் இதை ஆரம்பித்தால், பாவம், அவர்களால் என்ன செய்ய முடியும்?